கரை நடந்து கணக்கெடுத்தல்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கடற்கரைக் கண்காணிப்பில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே துண்டுக் கரையை, ஒரே முறையில், மாதக்கணக்கில் நடந்து, அங்கே கண்ட உயிரினங்களையும் மனிதர் செய்துகொண்டிருந்த வேலைகளையும் எண்ணி எழுதுவது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதில்தான் பயன் இருக்கிறது. போன கிழமை ஆலா என்ற கடற்பறவை 40, இந்தக் கிழமை 5 என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதே தாளில் ‘நாய் 6, மணலில் ஓடிய மோட்டார் சைக்கிள் 2’ என்றும் இருந்தால் விசாரிக்கவாவது ஒரு கேள்வி கிடைக்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது ஓரிடத்தில்தான். ஆமைத் தடம் கண்ட நாளில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒன்றுமில்லாத நாளில் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். பிறகு கணக்குப் பார்க்கும்போது ‘நடந்தார்கள், ஒன்றும் இல்லை’ என்பதையும் ‘அன்று யாரும் போகவில்லை’ என்பதையும் பிரிக்க வழியில்லை. நடந்த நாளெல்லாம் தாள் இருக்க வேண்டும். காணாததற்கு 0 போடுங்கள், வெற்றிடம் விடாதீர்கள்.

எந்தக் கரை, எவ்வளவு தூரம்

தொடக்கத்துக்கு 1 கிலோமீற்றர் போதும். இரண்டு பேர் எண்ணி எழுதிக்கொண்டு நடக்க முக்கால் மணி முதல் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நிலாவெளியின் நீண்ட மணலைப் பார்த்ததும் 4 கிலோமீற்றர் எடுக்கலாமே என்று தோன்றும். மூன்றாம் கிழமையே வெயிலில் அலுத்து, கடைசிப் பாதியை அவசரமாக முடிப்பீர்கள். அந்தப் பாதியில் எண்ணிக்கை குறைந்தால், குறைந்தது பறவையா உங்கள் கவனமா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அசையாத அடையாளம் வேண்டும். மீன்வாடி சரிவராது, பருவம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். ஹோட்டல் பலகை அடுத்த வருடம் வேறு பெயரோடு நிற்கும். பாலம், பெரிய பாறை, கோயில் மதில் போன்றவற்றைத் தரைப்பக்கம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் விளிம்பை வைத்து இடம் குறிப்பது இன்னும் மோசம்: வாடைக்காற்றுக் காலத்தில் அலை மணலை அரித்துக்கொண்டு போகும், கடல் அமர்ந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து போடும். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், கரையின் அகலத்தை மாற்றுவது பெரும்பாலும் பருவ அலைதான்.

போனில் அமைவிடத்தைத் தசம எண்ணாக, புள்ளிக்குப் பின் 5 இலக்கத்தோடு எடுங்கள். உப்புவெளி முதல் நிலாவெளி வரையான கரையில் முதல் எண் 8.6 அல்லது 8.7ஐ ஒட்டியும் இரண்டாவது எண் 81.2ஐ ஒட்டியும் வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் ஒன்றில் போன் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இரண்டையும் இடம்மாற்றி எழுதியிருக்கிறீர்கள். திறந்தவெளியில் ஒரு நிமிடம் நின்று மறுபடி பாருங்கள்.

ஆள் போதுமென்றால் தன்மை வேறுபட்ட இரண்டு துண்டுகளை எடுப்பது நல்லது. உப்புவெளி ஹோட்டல் வரிசைக்கு முன்னால் ஒன்று, சாம்பல்தீவுப் பக்கம் சனநடமாட்டம் குறைந்த இடத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவான இடம் அது; அங்கே கணக்கெடுக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கடற்படை, விமானப்படை, துறைமுகம் சார்ந்த கரைகளையும் விட்டுவிடுங்கள். அங்கே தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நிற்பவரைக் காவலில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரோன் எங்கேயும் வேண்டாம். அதற்குத் தனி அனுமதி வேண்டும், பறவைகளும் கலைந்துவிடும்.

முதலில் பேச வேண்டியவர்கள்

பொதுக் கரையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கரைவலைப் பாடு (கரையில் நின்று பெரிய வலையைக் கயிற்றால் இழுக்கும் இடம்) உள்ள இடத்தில் வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி இருப்பார், இழுக்கும் ஆட்கள் இருப்பார்கள், மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போட்டவர்களும் இருப்பார்கள். விடியற்காலையில் வந்து எண்ணி எழுதிக்கொண்டு போகிறவரை அவர்கள் அதிகாரியின் ஆள் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் ஒருமுறை பதிந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

ஆகவே நடப்பதற்கு முன்பே அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வெற்றுப் படிவத்தைக் கையில் கொடுங்கள். விளக்கவுரையை விட அந்தத் தாள் நன்றாகப் பேசும். ஆள் பெயர், படகு இலக்கம், முகம் தெரியும் படம் எதுவும் எடுப்பதில்லை என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இந்தக் கரைகளில் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர்கள் அருகருகே தொழில் செய்கிறார்கள். படிவத்தின் தலைப்பும் நோக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்; சோடியில் ஒருவருக்காவது சிங்களம் பேச வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கிராம உத்தியோகத்தருக்கும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உப்புவெளி, ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகத்துக்கும், நிலாவெளி குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்கும் உட்பட்டவை. இரண்டு இடத்திலும் நடப்பதென்றால் கடிதம் இரண்டு வேண்டும்.

தங்கூசி வலையையோ (ஒற்றை நைலோன் இழையில் பின்னியது) மீன்பிடிக்கப் போடும் வெடியையோ கண்டால் என்ன செய்வது என்பது எல்லாப் புதியவரும் கேட்கும் கேள்வி. ‘தடைசெய்யப்பட்ட முறை’ என்ற நிரலில் எண்ணும் நேரமும் எழுதுங்கள். வெடிச் சத்தம் கேட்டால் நேரமும் திசையும் போதும். கிட்டப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். அதிகாரிகளுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கரைக்கு வெளியே இருந்து தீர்மானிக்கட்டும்.

பையில் இருக்க வேண்டியவை

தடித்த அட்டையில் கிளிப் போட்ட படிவம், 2பி பென்சில் இரண்டு (பேனா மை உப்புக்காற்றில் ஊறிவிடும்), தையற்காரரின் துணி அளவுநாடா, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், றப்பர் கையுறை, 8 மடங்கு தொலைநோக்கி ஒன்று, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி. அளவுநாடா 150 சென்ரிமீற்றர்தான் இருக்கும்; பெரிய ஆமைக்குப் பற்றாது, இரண்டைத் தைத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நடப்பது

கிழக்குப் பார்த்த கரை இது. காலைச் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் மணலின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரிவதால் ஆமைத் தடம் பார்க்க விடியற்காலைதான் நேரம். மாடுகளும் கரைவலைக் கயிறும் தடத்தை அழிக்கும் முன் பார்த்துவிட வேண்டும். அலையோரத்துப் பறவையோ அந்த ஒளியில் வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும். பறவைக்கு மாலை 4 மணிக்குப் பிறகு, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்போது நடங்கள். ஒரே நடையில் இரண்டையும் செய்ய முயல்பவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்வார்.

நாட்களை மாதத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு வேலைநாளும் ஒரு சனி அல்லது ஞாயிறும் என்பது தாங்கக்கூடிய கணக்கு. ‘இன்றைக்கு ஏதோ ஒதுங்கியிருக்காம்’ என்று கேள்விப்பட்டு ஓடிய நாளைத் தனித் தாளில் எழுதுங்கள், வழமையான நடையோடு சேர்க்க வேண்டாம். போயா, பாடசாலை விடுமுறை, ஆடி அமாவாசை, சல்லி முத்துமாரியம்மன் பொங்கல் போன்ற நாட்களுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கூட்டம் அந்த மாதத்தின் சராசரியையே தூக்கிவிடும்.

நடையின் வரிசை

1. தொடக்க அடையாளத்தில் நின்று திகதி, நேரம், முகில், காற்றின் திசை, அலை (அமர்ந்தது, நடுத்தரம், கொந்தளிப்பு), இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அடி எடுத்து வைக்கும் முன் இது முடிய வேண்டும்.

2. ஒருவர் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். இருவரும் பார்த்து இருவரும் எழுதினால் ஒரே நாய் இரண்டு முறை பதிவாகும்.

3. போகும்போது மட்டும் எண்ணுங்கள். திரும்பி வரும் நடை குப்பைக்கும் அளவெடுப்புக்கும்.

4. உங்கள் தோளுக்கு நேரே வந்ததைத்தான் எண்ணுவது. பின்னாலிருந்து உங்களைத் தாண்டிப் போகிறவர் கணக்கில் இல்லை. தாண்டிப் பறந்து முன்னால் இறங்கிய பறவையும் இல்லை.

5. முடிவு அடையாளத்தில் நேரத்தை எழுதி, வெற்றுக் கட்டங்களுக்கு 0 போட்டு, இருவரும் ஒப்பமிடுங்கள். வீட்டுக்குப் போய் நிரப்பலாம் என்று விட்ட கட்டம் ஊகத்தால்தான் நிரம்பும்.

முதல் நாலைந்து நடையில் இருவரும் தனித்தனித் தாளில் எண்ணிப் பழகி, முடிவில் ஒப்பிட்டுப் பாருங்கள். 10இல் 1க்கு மேல் வித்தியாசம் வந்தால் யார் சரி என்று வாதிடாமல், எந்த விதி தெளிவில்லை என்று தேடுங்கள். பெரும்பாலும் ‘தண்ணீரில் முழங்கால் அளவு நிற்பவர் குளிப்பவரா?’ மாதிரியான ஒன்றாகத்தான் இருக்கும். விடையை எழுதிப் படிவத்தின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மனிதரை எண்ணும் விதிகள்

ஒவ்வொருவரையும் ஒருமுறை, நீங்கள் கண்ட கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதன் கீழ் எழுதுங்கள். அடுத்த நிமிடம் அவர் கடலில் இறங்கினாலும் மாற்ற வேண்டாம். நடப்பவர், இருப்பவர், விளையாடுபவர், குளிப்பவர், தூண்டில் போடுபவர், வலை திருத்துபவர், நாயோடு வந்தவர் என்று பத்துக்கு மேற்படாத வகைகள் போதும். வகை கூடினால் எழுதுபவர் நினைத்தபடி நிரப்பத் தொடங்குவார்.

கரைவலைக்குத் தனி விதி வேண்டும். ஒரு வலையை இழுக்க இரண்டு கயிற்றிலும் பெருங்கூட்டம் நிற்கும். அவர்களை மற்றவர்களோடு சேர்த்து எழுதினால் அன்றைய தாளில் வேறு எதுவும் தெரியாது. ‘கரைவலை: 1’ என்று செயலாகவும், ஆட்களின் எண்ணிக்கையை வேறு நிரலிலும் எழுதுங்கள். எந்த நிலை என்பதும் உதவும்: வளைத்துக்கொண்டு போகிறார்களா, இழுக்கிறார்களா, மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கு வந்துவிட்டதா. இழுபடும் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள். மேற்பக்கமாகச் சுற்றிப் போங்கள், சுற்றிய தூரத்தைக் குறியுங்கள்.

படகுகளை வெறும் கண்ணால், உங்கள் துண்டின் இரண்டு அடையாளங்களுக்கும் நேரே உள்ள கடலில் மட்டும் எண்ணுங்கள். ஒரு நாள் தொலைநோக்கியால் தேடி, மறுநாள் கண்ணால் பார்த்தால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. எண்ணிய பிறகு, என்ன படகு என்று தெரிந்துகொள்ளத் தொலைநோக்கியைத் தூக்கலாம். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போய்வரும் படகுகளுக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

வாகனத்தையும் அதன் சில்லுத் தடத்தையும் வெவ்வேறாக எழுதுங்கள். தடம் நேற்றையதாகவும் இருக்கலாம்.

கட்டாக்காலி மாடும் நாயும் மனிதர் பக்கமா விலங்குப் பக்கமா என்ற சர்ச்சை ஒவ்வொரு குழுவிலும் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டால் முடிந்தது. நகரக் கரையை, குறிப்பாக டச்சுக் குடாவை எடுத்தவர்கள் அதே இடத்தில் புள்ளிமானுக்கும் ஒரு கட்டம் வைக்க வேண்டும். பொலித்தீன் தின்றுகொண்டிருப்பதைக் கண்டால் அதையும் குறியுங்கள்.

ஆமைத் தடம்

இலங்கைக் கரைகளுக்கு வருபவை 5 இனம்: பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை. முட்டையிடும் ஆமைக்குப் பேர்போன கரைகள் தெற்கே ரெக்கவைப் பக்கம் இருப்பதால், இங்கே பல மாதம் தடமே காணாமல் நடக்க நேரலாம்.

தடம் கண்டால் முதலில் அகலம். துடுப்புக்காலின் வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை மூன்று இடத்தில் அளந்து நடுவான அளவை எழுதுங்கள். பிறகு ஒழுங்கைப் பாருங்கள். இடமும் வலமும் சோடியாக ஒரே நேர்கோட்டில் பதிந்திருந்து, அகலம் ஒரு மீற்றரை ஒட்டி, நடுவில் வால் இழுத்த கோடும் இருந்தால் பேராமையாக இருக்கலாம். அதே சோடி ஒழுங்கில் ஒன்றரை மீற்றரைத் தாண்டினால் தோணியாமை. இடம், வலம் என்று மாறி மாறிப் பதிந்து 70–80 சென்ரிமீற்றர் என்றால் பங்குனி ஆமை அல்லது அழுங்காமை. தடத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் போகாதீர்கள், ‘சிறிய மாறுதடம்’ என்று எழுதினால் போதும். மாறுதடமாகவே 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பெருந்தலை ஆமையை நினைக்கலாம்.

ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்பதற்கு, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மேலே பதிந்திருப்பது இறங்கியது. மேலே போய்க் குழி பறித்து மண் தள்ளிய அடையாளம் இல்லாமல் வளைந்து திரும்பியிருந்தால் அது முட்டையிடாமல் போனது. அதையும் பதியுங்கள், ஏன் திரும்பியது என்பதற்கு அருகில் வெளிச்சம், நெருப்பு மூட்டிய இடம், நாய்த் தடம் இருக்கிறதா பாருங்கள்.

தோண்டிப் பார்க்கக் கூடாது. கம்பு நட்டு அடையாளம் வைப்பதும் முட்டை எடுப்பவருக்கு வழிகாட்டுவதுதான். படம், அமைவிடம், அகலம் எடுத்ததும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தடத்தை அழிப்பதா என்று அவர்களிடமே கேளுங்கள்: அவர்கள் வந்து பார்க்கத் தடம் தேவைப்படலாம். அமைவிடத்தை வட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட வேண்டாம். கடலாமை 1972 முதல் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. முட்டையோ ஓடோ ‘மாதிரிக்கு’ என்று வீட்டுக்கு எடுத்துப் போவதும் குற்றம்.

குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாள். நாட்காட்டியில் 45ஆம் நாளைக் குறித்து, அதற்கு முன்பே அருகிலுள்ள ஹோட்டலிடம் கடல் பார்த்த விளக்குகளை அணைக்கக் கேளுங்கள். பொரித்த மறுநாள் காலை குஞ்சுத் தடங்கள் கடல் பக்கம் போயினவா, விளக்குப் பக்கம் போயினவா என்று எண்ணுவது மிகப் பயனுள்ள தரவு. அந்த எண்ணைக் காட்டினால் முகாமையாளர்கள் காது கொடுப்பார்கள்.

ஒதுங்கிய உடல்கள்

இறந்த ஆமைக்கு முதுகோட்டின் பக்கத் தகடுகளை ஒரு புறத்தில் எண்ணுங்கள். 4 என்றால் பேராமை அல்லது அழுங்காமை: தகடு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அழுங்காமை. 5 என்றால் பெருந்தலை ஆமையாக இருக்கலாம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் பங்குனி ஆமை. தகடே இல்லாமல் தோல் போர்த்து நீளவரிகள் இருந்தால் தோணியாமை. ஓட்டின் வளைவின் மேல் நாடா பிடித்து நீளம், மேலிருந்து ஒரு படம், தலைக்கு ஒரு படம், அருகில் அடிமட்டம். காற்றாடி வெட்டா, கழுத்திலோ காலிலோ வலை இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ‘வலையால் இறந்திருக்கலாம்’ என்று ஊகித்தால் நாளைக்குச் சங்கத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். அடுத்த கிழமை அதே உடலைப் புதிதாக எண்ணாதிருக்க ஓட்டில் நிறக் கயிறு கட்டுங்கள்.

வலையில் அகப்பட்டு அசைவற்றுக் கிடக்கும் ஆமை செத்துவிட்டது என்று எண்ணி உடனே கடலில் தள்ளிவிடுகிறார்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கியதாக இருக்கலாம். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி (மூக்கை மூடாமல்) வைத்தால் சில மணித்தியாலத்தில் அசையத் தொடங்கக்கூடும். 24 மணித்தியாலம் வரை பார்க்கலாம். 1992க்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்ய வேண்டியது இது. மீனவரிடம் சொல்லிவைக்க மிக உகந்த செய்தியும் இதுவே.

உயிரோடு கரையேறிய திமிங்கிலமோ டொல்பினோ கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது, தலை உச்சியிலுள்ள மூச்சுத் துவாரத்தில் தண்ணீர் போகக் கூடாது. தோலை நனைத்து, நிழல் கொடுத்து, கூட்டத்தை ஒதுக்கி, உதவி வரும்வரை காத்திருங்கள். 2017 மே மாத இறுதியில் சம்பூர்ப் பக்கம் 20 அளவிலான திமிங்கிலங்கள் ஆழமற்ற நீரில் சிக்கியபோது கடற்படையினர்தான் அவற்றை ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலைந்து பேரின் பலத்தால் நடக்கிற வேலை இல்லை.

பறவை

பெயர் தெரியாவிட்டால் தைரியமாக ‘சிறிய உள்ளான்’, ‘பெரிய ஆலா’ என்று எழுதுங்கள். தவறான இனப்பெயரைப் பின்னால் யாராலும் திருத்த முடியாது. கூட்டம் பெரிதென்றால் 10ஐ எண்ணி, அந்த அளவு எத்தனை என்று பாருங்கள். எண்ணை விட, கலைந்து பறந்ததா, எதனால், எவ்வளவு தூரத்தில் என்பது இங்கே முக்கியம். நீங்களே கலைத்தால் ‘நாங்கள்’ என்று எழுதுங்கள்.

குப்பை

1 கிலோமீற்றரில் நிலையான 100 மீற்றர் மட்டும் எடுத்து, அலையிலிருந்து அடம்பன் கொடி வரை, 2.5 சென்ரிமீற்றருக்குப் பெரியதை எல்லாம் எண்ணுங்கள். தங்கூசித் துண்டு, கயிறு, ரெஜிபோம், போத்தல், மூடி, சிறு பைக்கற், செருப்பு என்று பிரியுங்கள். போத்தலின் பட்டைக்கோட்டில் (பார்கோட்) முதல் 3 இலக்கத்தையும் குறியுங்கள்: 479 இலங்கை, 890 இந்தியா, 885 தாய்லாந்து, 955 மலேசியா, 899 இந்தோனேசியா. இது பொருளைப் பதிந்த நாட்டைத்தான் காட்டும். எங்கே வீசப்பட்டது என்பதைக் காட்டாது. ஆனாலும் வாடைக்கு முன்னும் பின்னும் இந்த விகிதத்தை ஒப்பிட்டால், கரையில் போட்டது எது, கடல் கொண்டுவந்தது எது என்று ஓரளவு தெரியும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையை மூடிய பிளாஸ்டிக் மணிகளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். அவற்றைத் தேட வேறு முறை: அலை விட்டுப்போன குப்பைக் கோட்டில் 50க்கு 50 சென்ரிமீற்றர் சதுரம் 5 இடத்தில் போட்டு, மேல் 2 சென்ரிமீற்றர் மணலை அரிதட்டில் அரித்து எண்ணுங்கள். கையுறை அவசியம். கூட்டமாகக் கண்டால் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லுங்கள்.

தாள் முதல் அட்டவணை வரை

அன்றிரவே தாளைப் படம் எடுத்துப் பொதுக் கோப்பில் போடுங்கள், தாளை எறியாதீர்கள். கணினியில் ஒருவர் வாசிக்க மற்றவர் பதியட்டும். ஒரு நடைக்கு ஒரு வரி. ‘நிலாவெளி’யை ஒரே எழுத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அட்டவணை அதை மூன்று ஊராக எண்ணும். ஒப்பிடும்போது மொத்த எண்ணை எடுக்காமல், ஒரு கிலோமீற்றர் நடைக்கு எத்தனை என்று மாற்றுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பக்கச் சுருக்கத்தை முதலில் சங்கத்துக்குக் கொடுங்கள், திணைக்களங்களுக்கு அதன் பிறகு. தவறு இருந்தால் அவர்கள் உடனே சொல்வார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் காணாதவற்றை ‘மீனவர் சொன்னது’ என்ற தனிப் பக்கத்தில் வையுங்கள், நடையின் எண்களோடு கலக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு படிவத்தில் ஏதாவது மாற்றினால் மேல் மூலையில் மாற்றிய திகதியைப் போட்டு, பழைய வெற்றுத் தாள்களை அன்றே கிழித்துவிடுங்கள்; ஒருவர் பையில் எப்படியும் நாலு தாள் மிஞ்சியிருக்கும்.